175 அடி உயர ரகசியம்

சென்னை உயர் நீதிமன்றத்தைப் பற்றி இணையத்தில் தேடினால் ஏறக்குறைய ஒரே கட்டுரைதான் வேறு வேறு தலைப்புகளில் கிடைக்கும். 'ஐகோர்ட்டில் மறைந்திருக்கும் அதிசயங்கள்', 'சென்னைக்காரர்களுக்கே தெரியாத பத்துத் தகவல்கள்' என்கிற ரகம். இப்போது அதுவே நாற்பது விநாடி ரீல்ஸாகவும் வருகிறது. பின்னணியில் வீணை, முன்னால் குவிமாடங்கள். முதல் தகவல் எதுவென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்: அந்தச் சிவப்புக் கட்டடத்தின் மிக உயரமான கோபுரத்துக்கு மேலே ஒரு கலங்கரை விளக்கம் 'ஒளிந்திருக்கிறது'.

175 அடி உயரம். 1894 முதல் 1977 வரை வங்கக் கடலில் இந்தப் பக்கம் வந்த கப்பல்களுக்கெல்லாம் வழி காட்டிய விளக்கு. கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு உயரத்தில் கொண்டுபோய் வைத்த விளக்கு. அதைப் போய் 'ஒளிந்திருக்கிறது' என்று எழுத ஒரு தனித் துணிச்சல் வேண்டும். எந்தக் கண்ணிலிருந்து ஒளிந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

இதை வெறும் சொல் குற்றமாக நினைத்து நான் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. பழைய கட்டடங்களைப் பற்றிப் பேச இன்று நம்மிடம் இருப்பது பெரும்பாலும் இந்த ஒரு நடைதான். 'தெரியுமா உங்களுக்கு?' நடை. மெட்ராஸ் தினம் கொண்டாட ஆரம்பித்தது 2004-இல். அதன்பிறகு ஒவ்வொரு ஆகஸ்டிலும் இந்த நடை ஊரெங்கும் புழங்குகிறது. அதனால் நன்மை இல்லாமல் இல்லை. இடித்துத் தள்ளியிருக்கக்கூடிய சில கட்டடங்கள் தப்பித்திருக்கின்றன. ஆனால் ஒரு கட்டடத்தை விநோதங்களின் பட்டியலாக வாசிக்கும்போது, அந்தக் கட்டடம் யாருக்கு என்ன செய்தது, செய்கிறது என்ற கேள்வி நைசாகக் காணாமல் போய்விடுகிறது. உயர் நீதிமன்றம் இதற்கு நல்ல உதாரணம். ஏனென்றால் அதன் விநோதங்கள் எல்லாமே உண்மையானவை, சுவாரசியமானவை. பட்டியலில் வரும்போது மட்டும் அவை பேச்சிழந்துபோகின்றன.

இந்த நடைக்குத் தந்தை என்று எஸ். முத்தையாவைச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். 1981-இல் வந்த அவருடைய 'மெட்ராஸ் டிஸ்கவர்ட்' புத்தகமும், 1999 முதல் 'தி இந்து'வில் எழுதிய 'மெட்ராஸ் மிஸலனி' பத்தியும் துணுக்குகளால் ஆனவைதான். ஆனால் அந்தப் பத்தியில் தபால்காரர் கதவைத் தட்டியபோது என்று ஒரு பகுதி வரும். 'நீங்கள் போன வாரம் எழுதியது சரியில்லை, என் தாத்தா அங்கே வேலை பார்த்தார், நடந்தது இப்படி' என்ற மாதிரி வாசகர்கள் எழுதும் கடிதங்களை அதில் போடுவார். மென்பொருள் துறையில் நாங்கள் இதை பக் ரிப்போர்ட் என்போம். தவறைச் சுட்டிக்காட்ட ஒரு வாசல் திறந்திருந்தது. இன்றைய பட்டியல்கள் அவரிடமிருந்து துணுக்குகளை எடுத்துக்கொண்டன, அந்த வாசலை விட்டுவிட்டன. நரசய்யாவின் 'மதராசபட்டினம்' போலத் தமிழிலேயே உட்கார்ந்து எழுதிய புத்தகம் இருக்கிறது. பட்டியல்காரர்கள் அந்தப் பக்கமும் போவதில்லை.

வாசல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரி போதும்: 'லண்டனுக்கு அடுத்தபடியாக உலகிலேயே இரண்டாவது பெரிய நீதிமன்ற வளாகம்.' பாடப் புத்தகத் துணுக்கிலிருந்து அமைச்சர்களின் மேடைப் பேச்சு வரைக்கும் இந்த வரி வந்துவிட்டது. எதில் இரண்டாவது? நிலப்பரப்பிலா, கூடங்களின் எண்ணிக்கையிலா, ஒரு நாளைக்கு வரும் ஜனக்கூட்டத்திலா? லண்டனில் எந்த நீதிமன்றம்? எந்த ஆண்டுக் கணக்கு? மூன்றாவது இடம் யாருக்கு? இரண்டாம் இடத்தைப் பெருமையாகச் சொல்கிறவர் எவரும் மூன்றாம் இடத்தைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. லண்டனுக்கு அடுத்து நாம் என்று ஒரு வரியில் வந்துவிட்டால் நமக்கு அது போதுமாக இருக்கிறது. 1892-இல் அந்தப் பெருமிதத்துக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கலாம்.

*

கட்டடமாகப் பார்த்தால் எனக்கு அதைப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செங்கல்லை இவ்வளவு தாராளமாகவும் இவ்வளவு நுணுக்கமாகவும் பயன்படுத்திய கட்டடங்கள் நம் ஊரில் குறைவு. வளைவுகளுக்குள் வளைவாகப் போகும் தாழ்வாரங்கள், வண்ணக் கண்ணாடிகள், வெயில் நேரடியாக உள்ளே வராதபடி அமைந்த வராந்தாக்கள். அக்னி நட்சத்திரத்தில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நிற்க வேண்டிய தொழிலுக்கு ஓரளவு கருணை காட்டும் கட்டடம்.

ஆனால் அந்தக் குவிமாடங்கள் எங்கிருந்து வந்தன? கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று உயர் நீதிமன்றங்களும் 1862-இல் தொடங்கியவை. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ஆங்கிலேயர்கள் கோதிக் பாணியில் கட்டிக்கொடுத்தார்கள். கல்கத்தா கட்டடத்துக்கு முன்மாதிரி பெல்ஜியத்தில் ஈப்பர் நகரத்தின் துணிச் சந்தை. சென்னை நீதிமன்றம் முப்பது ஆண்டுகள் கடற்கரையோரத்துப் பழைய கட்டடத்தில் காலம் தள்ளியது. அதற்குள் ரசனை மாறிவிட்டது. ஆள்கிறவர்கள் தங்களை இந்த மண்ணின் வாரிசுகளாகக் காட்டிக்கொள்ள விரும்பிய காலம் அது. பிராசிங்டன் வரைந்த திட்டத்தை ஹென்றி இர்வின் முடித்துக்கொடுத்தார். ஸ்டீபன்ஸும் கூட இருந்தார். இந்தோ-சாரசெனிக் பாணி. மொகலாய, சுல்தானிய வடிவங்களை ஆங்கிலேயப் பொறியாளர்கள் தங்கள் கலவையில் குழைத்தது. மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் கூப்பிடு தூரத்தில் எழும்பிய ஒரு 'இந்திய' கட்டடத்தில், அந்தக் கோபுரங்களின் சாயலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் மனதில் இருந்த இந்தியா டெல்லிப் பக்கம் இருந்தது.

கட்டிக்கொடுத்தவர் ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். கணித மேதை ராமானுஜன் கடைசி நாட்களைக் கழித்த சேத்துப்பட்டு வீடு இவருடையதுதான். பட்டியல்களில் இவருக்கு ஒரு வரி கிடைக்கும். செங்கல் அறுத்தவர், சாரம் கட்டியவர், சுண்ணாம்பு அரைத்த பெண்கள் யாருக்கும் அந்த ஒரு வரியும் இல்லை. 175 அடிக்குச் சாரம் கட்டியதை விடவா பெரிய அதிசயம் அந்தக் கட்டடத்தில் இருக்கிறது?

*

மறுபடி விளக்குக்கு வருகிறேன்.

சென்னையில் கலங்கரை விளக்கம் மூன்று முறை இடம் மாறியிருக்கிறது. முதலாவது 1796-இல் கோட்டைக்குள், இப்போது அருங்காட்சியகம் இருக்கும் கட்டடத்தின் கூரை மேல். இரண்டாவது 1844-இல் கோட்டைக்கு வடக்கே, கிரேக்கத் தூண் போலக் கருங்கல்லில் எழுப்பியது. ஏறத்தாழ 125 அடி. அது இன்னும் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்தான் நிற்கிறது. வாய்தாவுக்கு வந்தவர்கள் அந்தப் பக்கம் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். நீதிமன்றக் கட்டடம் எழும்பியபோது தூணைவிட ஐம்பது அடி உயர்ந்துவிட்டது. கட்டடம் திறந்து இரண்டு ஆண்டுகளில் விளக்கு அதன் உச்சிக்கு ஏறியது. 1977-இல் மெரினாவுக்கு இறங்கிப் போனது.

என் துறையில் ஈஸ்டர் எக் என்று ஒன்று உண்டு. நிரல் எழுதுகிறவர் விளையாட்டாக உள்ளே ஒளித்து வைப்பது. யாராவது தற்செயலாகக் கண்டுபிடித்தால் சிரித்துக்கொள்ளலாம். 'மறைந்திருக்கும் அதிசயம்' எழுதுகிறவர்கள் கட்டடங்களை ஈஸ்டர் எக் கூடைகளாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் உயர் நீதிமன்றத்தில் இருப்பவை அப்படி ஒளித்து வைத்தவை அல்ல. வேலை முடிந்தும் அகற்றப்படாமல் கிடப்பவை. பழைய மென்பொருளில் இப்படி வரிகள் கிடக்கும். இதை எதற்கு எழுதினார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது, எடுத்தால் என்ன உடையும் என்ற பயத்தில் விட்டு வைத்திருப்பார்கள். அப்படி ஒரு வரியைப் பார்த்தால் 'அட, எவ்வளவு அழகு' என்று நாங்கள் சொல்வதில்லை. 'இது யாருக்காக ஓடிக்கொண்டிருந்தது?' என்று கேட்போம்.

விளக்கு யாருக்காக? கப்பலுக்காக. நீதிமன்றத்தின் தலையிலேயே துறைமுகத்தின் கண் இருந்தது. வணிகத்துக்கும் சட்டத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கம்பெனி காலத்திலிருந்து கணக்குப் போட்டு வந்தவர்களுக்கு அது உறுத்தியிருக்காது. உறுத்தாமல் போனதுதான் எனக்குச் சுவாரசியமான விநோதம்.

எம்டன் கதையும் இப்படித்தான் சுருங்கிப்போய்க் கிடக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். ஒன்று உயர் நீதிமன்றத்துச் சுற்றுச்சுவரில் விழுந்தது. விழுந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறது, படம் எடுக்கலாம். பட்டியல் அதோடு முடிந்துவிடும். கூடவே, கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று சான்றில்லாத ஒரு கதையையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டுக் கிளம்பிய ஜனங்களைப் பற்றி வளாகத்தில் கல்வெட்டு எதுவும் இல்லை. அவர்கள் விட்டுப்போனது ஒரு சொல். 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் சொல்கிறோமே, அது. 2006-இல் 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்த படத்தை, தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்ற விதிக்காக 'எம் மகன்' என்று மாற்றினார்கள். எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் தமிழர்கள் நாவில் புரண்ட சொல்லுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. சுவரில் இருக்கும் கல்வெட்டைவிட இந்தச் சொல் எனக்குப் பெரிய நினைவுச் சின்னமாகப் படுகிறது.

*

இதுவரை சொன்னதெல்லாம் தரைக்கு மேலே. பட்டியல்கள் எப்போதும் அண்ணாந்து பார்க்கச் சொல்கின்றன. கோபுரத்தைப் பார், குவிமாடத்தைப் பார், விளக்கைப் பார். காலுக்குக் கீழே பார் என்று ஒரு பட்டியலும் சொல்வதில்லை.

அந்த வளாகம் இருக்கும் நிலம் ஒரு காலத்தில் ஊர். கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி, 1640-களிலிருந்து வளர்ந்த ஊர். ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் கறுப்பர் நகரம். கம்பெனிக்குத் துணி நெய்தவர்கள், துணி பிடித்துக் கொடுத்த வணிகர்கள், துபாஷிகள், கூலிக்காரர்கள் இருந்த இடம். நடுவே சென்னக்கேசவப் பெருமாள் கோயில். சென்னை என்ற பெயரே அந்தக் கோயிலிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு, சென்னப்ப நாயக்கரிடமிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி பதுங்க வசதி என்று பக்கத்துத் தெருக்களை இடித்தார்கள். திரும்பக் கிடைத்ததும் ஆங்கிலேயர்கள் அதே வேலையைத் தொடர்ந்தார்கள். 1757-இல் கோயிலும் போனது. 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை லாலியின் முற்றுகை. அதற்குப் பிறகு மிச்சம் மீதியும் இல்லை. வடக்கே தள்ளிப் புதிய கறுப்பர் நகரம் வந்தது; 1911-இல் மன்னரின் நினைவாக ஜார்ஜ் டவுன் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பூக்கடைப் பக்கத்தில் கம்பெனி நிலம் கொடுக்க, துபாஷி மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று சென்னக்கேசவருக்கும் சென்ன மல்லீசுவரருக்கும் இரட்டைக் கோயில் கட்டினார். பட்டணம் கோயில் என்று இன்றும் சொல்கிறார்கள். பழைய இடத்தில் வெட்டவெளி. பீரங்கிக்கு எதிரே எதுவும் மறைக்கக் கூடாது. இந்த எல்லைக்குள் யாரும் கட்டக் கூடாது என்பதற்கு அடையாளமாக 1773-இல் ஆறு கல் தூண்களை நட்டார்கள். அதில் ஒன்று மட்டும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. 'மறைந்திருக்கும்' என்ற சொல் இதற்கு வேண்டுமானால் பொருந்தும்.

அந்த வெட்டவெளியில்தான் பிறகு தூண் விளக்கமும், நீதிமன்றமும், சட்டக் கல்லூரியும் வந்தன. அதாவது, சட்டத்தின் மாளிகை நிற்பது இடித்துத் தள்ளப்பட்ட ஒரு ஊரின் மேல். இதை நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொல்லவில்லை. எந்தப் பழைய ஊரிலும் ஒன்றின் மேல்தான் இன்னொன்று நிற்கும். ஆனால் ஒரு கட்டடத்தின் விநோதங்களை எண்ண உட்கார்ந்தால் முதல் எண் இதற்குத்தானே?

ஊரோடு கல்லறைத் தோட்டமும் போனது. பின்னாளில் சட்டக் கல்லூரி வந்த இடம் ஆங்கிலேயர்களின் பழைய இடுகாடு. முற்றுகையின்போது எதிரிகள் கல்லறைகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டதால், பிறகு அவற்றை இடித்துவிட்டு, கல்வெட்டுகளைக் கோட்டைக்குள் புனித மேரி தேவாலய முற்றத்தில் கொண்டுபோய்ப் பதித்தார்கள். தப்பியவற்றில் ஒன்று ஒரு கல்லறைச் சின்னம். அங்கே அடக்கமாகி இருப்பவர்கள் ஜோசப் ஹின்மர்ஸும் டேவிட் யேல் என்ற குழந்தையும். குழந்தையின் அப்பா எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னையின் கவர்னர். அவர் அனுப்பிய சரக்குகளுக்கும் புத்தகங்களுக்கும் நன்றியாகத்தான் 1718-இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவர் பெயரை ஏற்றது. பட்டியலுக்கு அருமையான தீனி: 'யேல் பல்கலைக்கழகத்துக்கும் ஐகோர்ட்டுக்கும் என்ன தொடர்பு தெரியுமா?' அவர் நிர்வாகத்தில் இருந்த காலத்தில் இந்தக் கடற்கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள் என்பது அந்தத் தீனியில் கலக்காது. பசி அடங்கிவிடும்.

2023-இல் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், இந்தக் கல்லறையை வேறு இடத்துக்கு மாற்றும்படி உத்தரவிட்டார். வளாகத்துக்கு இடம் தேவைப்பட்டது, வண்டிகள் நிறுத்துவது உட்பட. உடனே பாரம்பரிய ஆர்வலர்கள் கொதித்தார்கள். நானும் அந்தக் கல்லறை அங்கேயே இருக்க வேண்டும் என்கிற கட்சிதான். ஆனால் காக்க வேண்டும் என்றவர்களின் வாதத்தைக் கவனியுங்கள்: பழையது, அபூர்வமானது, வெளிநாட்டுப் பயணிகள் வருவார்கள். விநோதம் என்பதைத் தாண்டி ஒரு காரணம் சொல்ல வரவில்லை. விநோதத்துக்கும் வண்டி நிறுத்துவதற்கும் போட்டி என்றால் எது ஜெயிக்கும் என்று சென்னையில் வண்டி வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். ஒரு ஊரே இருந்த இடத்தில், அந்த ஊரை அழித்த காரணத்தால் சிதறிய கல்லறைகளில், நின்ற இடத்திலேயே நிற்கும் சாட்சி அது. அந்த வாதத்தை யாராவது வைத்திருக்கலாம்.

*

பட்டியல்களில் எட்டாவதோ ஒன்பதாவதோ வரும் ஒரு தகவலைக் கடைசியாக எடுத்துக்கொள்கிறேன். எனக்கு இதுதான் மொத்தக் கட்டடத்துக்கும் திறவுகோல்.

ஆண்டுக்கு ஒரு முறை, வழக்கமாக நவம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு 8 மணிக்கு, உயர் நீதிமன்ற வளாகத்தின் எல்லா வாசல்களையும் பூட்டிவிடுவார்கள். ஞாயிறு இரவு 8 மணி வரை யாருக்கும் அனுமதி இல்லை. காரணம், வளாகத்துக்குள்ளே குறுக்கே நடந்து போகும் பொதுமக்கள், நீண்ட நாள் பழக்கத்தைக் காட்டி நாளைக்கு அந்தப் பாதைக்கு உரிமை கொண்டாடிவிடக் கூடாது. பத்திரிகையில் ஒரு பத்தி அறிவிப்பாக வரும். நியூயார்க்கில் ராக்பெல்லர் பிளாசாவையும் ஆண்டுக்கு ஒரு நாள் இப்படி அடைப்பதுண்டு.

கிராமத்துக்காரர்களுக்கு இது புதிதே இல்லை. நிலம் வாங்கும்போது பத்திரத்தில் 'மாமூல் வழிநடை பாத்தியம் உட்பட' என்று ஒரு வரி எழுதுவார்கள். அந்த ஒரு வரி இல்லாததால் தலைமுறைக்கு வெட்டுக்குத்து நடந்த குடும்பங்களை நம் எல்லாருக்கும் தெரியும். பங்காளி வரப்பில் முள் வெட்டிப் போட்டு வண்டித்தடத்தை அடைப்பான், இவன் பிரித்துப் போடுவான், அவன் மறுபடி அடைப்பான். முன்சீப் கோர்ட்டில் ஆரம்பித்து அந்த முள் இதே உயர் நீதிமன்றம் வரை வந்து சேரும். அப்படி வருகிற வழக்குகளைத் தீர்க்கிற இடமே, தன் வரப்பில் ஆண்டுக்கு ஒரு முறை முள் போட்டுக்கொள்கிறது.

நான் வக்கீல் இல்லை. ஆனால் எழுதிய விதியை வரி வரியாக வாசிப்பது என் பிழைப்பு. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 15-ஆம் பிரிவு: ஒரு வழியை வெளிப்படையாக, சண்டையில்லாமல், உரிமையோடு, இடைவிடாமல் 20 ஆண்டு அனுபவித்தால் அது பாத்தியம். அரசு நிலமென்றால் 30 ஆண்டு. 'இடைவிடாமல்' என்று இருக்கிறதே, ஒரு நாள் அடைத்தால் அறுந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், ஒரு தடையைத் தடை என்று கணக்கில் எடுக்க வேண்டுமானால், பாதிக்கப்பட்டவர் அதை ஓராண்டு பொறுத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. 24 மணி நேரம் போதாது. அப்புறம் எதற்கு இந்தப் பூட்டு? விடை 'உரிமையோடு' என்ற சொல்லில் இருக்கிறது. அனுமதியின் பேரில் அனுபவிப்பது எத்தனை ஆண்டானாலும் பாத்தியம் ஆகாது. ஆண்டுக்கு ஒரு முறை கதவைச் சாத்துவதால் பழக்கம் முறிவதில்லை. 'மற்ற 364 நாளும் நீ நடந்தது என் தயவில்' என்று பதிவு செய்ய முடிகிறது.

இந்த நிலத்தில் தெருவுக்கான சண்டை புதிதும் இல்லை. பழைய கறுப்பர் நகரத்தில் வலங்கை, இடங்கைச் சாதிகள் 1652-இலும் 1707-இலும் மோதிக்கொண்டது எந்தத் தெருவில் யாருடைய ஊர்வலம் போகலாம் என்பதற்காக. கம்பெனி நடுவில் உட்கார்ந்து தெருக்களைப் பங்கு பிரித்துக் கொடுத்தது. பிறகு பீரங்கிக்காகத் தெருக்களையே இல்லாமல் ஆக்கியது. அதே மண்ணில் இப்போது ஆண்டுக்கு ஒரு பூட்டு. முந்நூற்றைம்பது ஆண்டுகளாக இங்கே ஒரே கேள்விதான் நடக்கிறது: இந்த வழியாக யார் போகலாம்?

பூட்டுக்கே இப்போது பெரிய வேலை இல்லை என்பது வேறு விஷயம். 2009 பிப்ரவரி 19 அன்று வளாகத்துக்குள் காவல்துறை வழக்கறிஞர்கள் மேல் நடத்திய தடியடி, 2015 நவம்பரிலிருந்து மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் காவல், அடையாள அட்டை, சீட்டு, பைச் சோதனை. பாரிமுனையிலிருந்து குறுக்கே நடந்து வெளியேறுகிற அந்தப் பழைய வசதி நடைமுறையில் முடிந்துபோனது. பாதுகாப்புக்குக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வழக்கு உள்ளவன் மட்டும் உள்ளே வரலாம் என்று ஆகிவிட்ட ஒரு பொதுக் கட்டடத்தைத்தான், 'நம்ம சென்னையின் பெருமை' என்று வெளியே நின்று படம் எடுத்துப் போடுகிறோம்.

உள்ளே போகிறவனுக்கும் ஒரு விநோதம் காத்திருக்கிறது. ஊர் 1996-இல் சென்னையாகிவிட்டது, நீதிமன்றத்தின் பெயர் இன்னும் மெட்ராஸ். பெயரை மாற்ற 2016-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா அப்படியே நின்றுபோனது. அது போகட்டும், பெயர்தானே. தமிழை உயர் நீதிமன்ற மொழியாக்கச் சொல்லிச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டது. இன்றுவரை நடக்கவில்லை. தன் வழக்கில் தன்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியாமல், வக்கீலின் முகத்தையே பார்த்துக்கொண்டு கூடத்தின் ஓரத்தில் நிற்கிறார்களே, அவர்களுக்கு அந்தக் கட்டடத்தில் அறியப்படாத தகவல் பத்தோடு நிற்காது. உள்ளே முத்துசாமி ஐயரின் சலவைக்கல் சிலை இருக்கிறது. இந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. காலில் செருப்பு இல்லாமல் உட்கார்ந்திருப்பார். வறுமையில் படித்து வந்தவர், பழக்கத்தை விடவில்லை என்பார்கள். வழிகாட்டிகள் அந்த வெறுங்காலை மறக்காமல் காட்டுவார்கள். சிலையின் பாதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் தாழ்வாரத்தில் வேறு பாதங்கள் இருக்கும். ஊரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து, குமாஸ்தா வரும்வரை செருப்பைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்திருப்பவர்கள்.

போய்ப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. மெட்ரோவில் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கிச் சாலைக்கு வந்ததும் அண்ணாந்து பார்க்க வேண்டாம். நேராகப் பாரிமுனைக்கு வந்து டேர் ஹவுஸ் பக்கத்தில் அந்த 1773-ஆம் ஆண்டுக் கல்லைத் தேடுங்கள். அதன் அருகில் நின்று கோட்டை இருக்கும் தெற்குத் திசையைப் பாருங்கள். நடுவில் இருப்பதெல்லாம் பழைய ஊர். குறுக்கே நடக்க முடியாது, வாசலில் சீட்டு கேட்பார்கள். ராஜாஜி சாலை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வெயிலுக்கு முன்னால் கிளம்பினால் நல்லது.